விடை ஏன் தப்பாக வந்தது? ஒரு மாறிச் சமன்பாடுகளில் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

சமன்பாட்டைத் தீர்த்தாயிற்று. புத்தகத்தின் கடைசியில் பார்த்தால் வேறு விடை இருக்கிறது. பலரும் உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுவார்கள். மறுபடியும் அதே விடைதான் வரும், ஏனென்றால் கையும் பழக்கமும் மாறவில்லை.

தப்பான விடையை அடிக்காமல் வைத்திருங்கள். எந்த வரியில் கோட்டை விட்டீர்கள் என்பதை பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும். பாடநூலில் எக்ஸ் என்று வரும் மாறியை இங்கே 'ம' என்று எழுதியிருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

வந்த விடையை மூலச் சமன்பாட்டில் போடுங்கள். நீங்கள் சுருக்கி எழுதிய மூன்றாவது வரியில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. தப்பு அதற்கு முன்பே நடந்திருந்தால் அந்த வரி உங்கள் விடையைச் சரி என்றுதான் காட்டும். வினாத்தாளில் உள்ள வரியில்தான் போட வேண்டும்.

இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் 'தப்பு' என்று மட்டும் குறித்துவிட்டு நகராதீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, ஒன்று மற்றதைப் போல் எத்தனை மடங்கு என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே உள்ள பல அறிகுறிகளை இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் பிடிக்கப் போகிறோம்.

சரிபார்க்கும்போதே தப்பு நடப்பதும் உண்டு. ம = 4 என்று கிடைத்ததும் 3ம இருந்த இடத்தில் 34 என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 3ம என்றால் 3 × ம, அதாவது 12. அதே போல 7 − 2ம என்பதில் ம = −3 என்று போடும்போது அடைப்பு இல்லாமல் 7 − 2 − 3 என்று எழுதினால் 2 வரும். 7 − 2 × (−3) என்று எழுதினால்தான் சரியான 13 வரும். குறை எண்ணைப் போடும்போது அடைப்புக்குறியை மறக்கவே கூடாது.

அறிகுறி: வித்தியாசம், கணக்கில் உள்ள ஓர் எண்ணின் இரு மடங்கு

பிள்ளைகளின் நோட்டில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஓர் எடுத்துக்காட்டு:

3ம + 5 = 20

இதற்கு ம = 25/3 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூலத்தில் போட்டால் இடப்பக்கம் 25 + 5 = 30. வலப்பக்கம் 20. வித்தியாசம் 10. கணக்கில் 10 எங்கும் இல்லை, ஆனால் 5 இருக்கிறது. 10 என்பது அந்த 5-இன் இரு மடங்கு. அப்படியானால் +5 அந்தப் பக்கம் போகும்போது குறி மாறாமல் போயிருக்கிறது: 3ம = 20 + 5 என்று எழுதியிருப்பார்.

ஏன் சரியாக இரு மடங்கு? இரு பக்கமும் 5-ஐக் கழித்திருக்க வேண்டும். வலப்பக்கத்தில் கழிக்கவில்லை, அதனால் 5 கூடிவிட்டது. கழிக்காததோடு இன்னொரு 5-ஐக் கூட்டியும் விட்டார். மொத்தம் 10.

மாறி உள்ள உறுப்பைக் குறி மாற்றாமல் நகர்த்தினாலும் இதே தடயம்தான் கிடைக்கும். 7ம − 4 = 3ம + 12 என்பதில் சரியான விடை 4. ஒருவருக்கு 2 வந்தால் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 18, வித்தியாசம் 8. அது 4-இன் இரு மடங்கு, ஆகவே −4 நகர்ந்தபோது தப்பு நடந்திருக்கிறது. இன்னொருவருக்கு 1.6 வந்தால் இடப்பக்கம் 7.2, வலப்பக்கம் 16.8, வித்தியாசம் 9.6. இங்கே 3ம-இன் மதிப்பு 4.8, அதன் இரு மடங்கு 9.6. ஆக, இவர் 3ம-ஐக் குறி மாற்றாமல் இடப்பக்கம் கொண்டுவந்து 10ம = 16 என்று எழுதியிருக்கிறார்.

சரிசெய்வது எப்படி? 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்ப்பாட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உண்மையில் எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை. இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம், ஒரு பக்கத்தில் அது அடிபட்டுப் போகிறது, அவ்வளவுதான். எனவே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்:

3ம + 5 − 5 = 20 − 5
3ம = 15
ம = 5

இடமாற்று முறை தப்பான முறை என்று நான் சொல்லவில்லை. கை பழகியவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இரு பக்கமும் ஒரே செயல் என்பது மனதில் பதியுமுன் அதைக் கற்றுக்கொடுத்தால், அடுத்த அறிகுறி கட்டாயம் வரும்.

அறிகுறி: எண் சரி, குறி மட்டும் தப்பு

விடை 4 என்று இருக்க −4 வருகிறது, அல்லது −4 இருக்க 4 வருகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, மேலே சொன்ன வாய்ப்பாட்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது. 3ம = 12 என்பதில் 3 அந்தப் பக்கம் 'போகிறது', போனால் குறி மாற வேண்டுமே என்று 12 ÷ (−3) = −4 என்று எழுதுவார்கள். 3 இங்கே பெருக்கலாக இருக்கிறது. அதை நீக்க இரு பக்கமும் 3-ஆல் வகுக்கிறோம். வகுக்கும்போது 3 என்பது 3-ஆகவேதான் இருக்கும்.

இரண்டாவது, மாறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை வழியில் தொலைப்பது. 8 − 3ம = 20 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 8-ஐ நீக்கினால் மிச்சம் −3ம = 12. பாதிப் பேர் 3ம = 12 என்று எழுதுவார்கள். அந்தக் கழித்தல் குறி 8-க்கும் 3ம-க்கும் நடுவில் நிற்பதால், 8 போனதும் அதுவும் போய்விட்டதாக நினைப்பு. அது 3ம-க்குச் சொந்தமான குறி. ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடப்புறக் குறியோடு சேர்த்துப் பென்சிலால் வட்டமிடும் பழக்கம் வந்தால் இது நின்றுவிடும்.

குறை எண்ணே பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு சுலபவழி: மாறி எந்தப் பக்கம் மிகையாக அமையுமோ அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரு பக்கமும் 3ம-ஐக் கூட்டி 8 = 20 + 3ம என்று எழுதினால், −12 = 3ம, ம = −4. மாறி இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கணிதவிதியும் கிடையாது.

அறிகுறி: 12 ÷ 3 வர வேண்டிய இடத்தில் 9

3ம = 12 என்பதற்கு 9 வந்தால் 3-ஐக் கழித்திருக்கிறீர்கள். ம/4 = 12 என்பதற்கு 3 வந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள். விடை 48.

5ம = 3 என்பதற்கு 5/3 என்று எழுதுவது வேறு வகை. தொடக்க வகுப்புகளில் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தே பழகியதன் மிச்சம் இது. மாறியோடு ஒட்டியிருக்கும் எண் எதுவோ அதுதான் பகுதிக்கு, அதாவது கீழே, வர வேண்டும். பெரியதா சிறியதா என்று பார்க்கத் தேவையில்லை. விடை 3/5.

அறிகுறி: அடைப்புக்குறி உள்ள கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது

4(ம − 3) = 20

சரியான விடை 8. 23/4 வந்திருந்தால் 4-ஐ ம-ஓடு மட்டும் பெருக்கி, 3-ஐ அப்படியே விட்டிருக்கிறீர்கள். போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 11, வித்தியாசம் 9. இந்த 9 என்பது 12-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம். 12 எழுத வேண்டிய இடத்தில் 3 எழுதியதால் விழுந்த ஓட்டை அப்படியே தெரிகிறது.

பங்கீட்டுப் பண்பில், அதாவது வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்பையும் பெருக்குவதில், தடுமாறுபவர்கள் இந்தக் கணக்கில் அடைப்பைப் பிரிக்கவே வேண்டாம். இரு பக்கமும் 4-ஆல் வகுத்தால் ம − 3 = 5. முடிந்தது. வெளியே உள்ள எண்ணால் மறுபக்கம் மீதியின்றி வகுபடுகிறதா என்று முதலில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால்தான் உண்மையான தொல்லை.

10 − 2(ம − 3) = 4

இதற்கு மூன்று விதமான விடைகளைப் பார்க்கலாம். 6 வந்தால் சரி. 0 வந்தால் −2 × −3 = +6 என்பதை −6 என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 16, வித்தியாசம் 12, அதாவது 6-இன் இரு மடங்கு. குறிப் பிழை எங்கே நடந்தாலும் இந்த 'இரு மடங்கு' தடயம் இருக்கும். 3.5 வந்தால் கதை வேறு: முதலில் 10 − 2 = 8 என்று கழித்துவிட்டு 8(ம − 3) = 4 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 2 அடைப்போடு பெருக்கலால் கட்டுப்பட்டிருக்கிறது. பெருக்கலை முடிக்காமல் அதை 10-ஓடு சேர்க்க முடியாது.

அறிகுறி: பின்னக் கணக்கில், ஒரு பக்கம் மற்றதைப் போல் 6 மடங்கு

ம/2 + ம/3 = 10

விடை 2 என்று வந்திருக்கிறது. போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 1 + 2/3 = 5/3. வலப்பக்கம் 10. இங்கே வித்தியாசம் எதையும் சொல்லாது, மடங்கைப் பாருங்கள்: 10 என்பது 5/3-ஐப் போல் 6 மடங்கு. 2, 3 ஆகியவற்றின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 6. இடப்பக்கத்தை 6-ஆல் பெருக்கி 3ம + 2ம என்று எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் 10-ஐப் பெருக்க மறந்துவிட்டீர்கள். 60 என்று இருந்தால் ம = 12.

இந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கை. தப்பான விடை 2, மடங்கு 6, இரண்டையும் பெருக்கினால் சரியான விடை 12. இது தற்செயல் இல்லை. இடப்பக்கத்தில் மாறி உள்ள உறுப்புகள் மட்டும் இருந்து வலப்பக்கம் வெறும் எண்ணாக இருந்தால், பூச்சியம் தவிர எந்த ஊகத்தையும் இப்படி நீட்டிச் சரியாக்கலாம். ஏறத்தாழ கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில், ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19, குவியல் எவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது. அதைத் தீர்த்தவர் முதலில் 7 என்று வேண்டுமென்றே தப்பாக வைத்துக்கொள்கிறார். 7 + 1 = 8 வருகிறது. வேண்டியதோ 19. எனவே 7-ஐ 19/8-ஆல் பெருக்க, 16 5/8 என்று சரியான விடை. மாறி என்று ஓர் எழுத்தைப் போடாமலே கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் இடப்பக்கத்தில் + 5 என்பதுபோல் தனி எண் ஒன்று ஒட்டியிருந்தால் இந்த வித்தை பலிக்காது.

தொகுதியில் இரண்டு உறுப்புகள் இருக்கும் கணக்குதான் தேர்வில் அதிகம் காலை வாரும்:

(ம + 1)/2 − (ம − 2)/3 = 2

சரியான விடை 5. தப்பாகப் போட்டவர்களில் பலருக்கு 13 வரும். அந்த 13-க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் 3(ம + 1) − 2(ம − 2) = 12 என்று அழகாக எழுதிவிட்டு, கடைசியில் +4-ஐ −4 ஆக்கிவிடுவார். இன்னொருவர் அடைப்பே போடாமல் 3ம + 1 − 2ம − 2 = 12 என்று எழுதுவார். இரண்டும் ம − 1 = 12 என்றுதான் முடியும். ஆகவே எண்ணை மட்டும் வைத்து எப்போதும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, நோட்டில் இரண்டாவது வரியைப் பார்க்கத்தான் வேண்டும். எப்படியானாலும் மருந்து ஒன்றே: பின்னக்கோட்டை நீக்கும் முன் தொகுதிக்கு அடைப்பு போட்டுவிடுங்கள். பின்னக்கோடு இருந்தவரை அதுவே அடைப்பாக வேலை செய்தது. கோடு போனதும் அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும்.

குறுக்குப் பெருக்கல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பின்னம் இருந்தால் மட்டுமே அது செல்லும். ம/2 + 1 = ம/3 + 3 போன்றவற்றில் குறுக்கே பெருக்கினால் அந்த 1-உம் 3-உம் அநாதையாகிவிடும். மீ.சி.ம.-ஆல் எல்லா உறுப்புகளையும் பெருக்குங்கள். தசமக் கணக்குக்கும் இதே விதி: 0.5ம + 1.2 = 3.7 என்பதை 10-ஆல் பெருக்கினால் 5ம + 12 = 37, ம = 5.

அறிகுறி: 4 + 3ம என்பதை 7ம என்று எழுதிவிடுகிறேன்

ஒத்த உறுப்புகளை மட்டுமே சேர்க்கலாம் என்று விதி தெரிந்திருந்தும் கை எழுதிவிடும். சந்தேகம் வந்தால் ம-க்கு 10 என்று போட்டுப் பாருங்கள்: 4 + 30 = 34, ஆனால் 7 × 10 = 70. இப்படிச் சோதிக்கும்போது 1 போடாதீர்கள். 4 + 3 = 7 என்று இரண்டும் சமமாகி உங்களை ஏமாற்றிவிடும்.

அறிகுறி: மாறியே காணாமல் போய்விட்டது

2ம + 3 = 2ம + 5 என்று வந்து, 2ம அடிபட்டு, 3 = 5 என்று நிற்கிறது. பயந்துபோய் ம = 0 என்று எழுதிவிடாதீர்கள். முந்தைய வரிகளில் தப்பு இல்லையென்றால் இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. எந்த எண்ணைப் போட்டாலும் வலப்பக்கம் 2 கூடுதலாகவே இருக்கும். மாறாக 2(ம + 3) = 2ம + 6 போல வந்து 6 = 6 என்று நின்றால், அது முற்றொருமை. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும்.

5ம + 2 = 3ம + 2 வேறு விஷயம். இது 2ம = 0 என்று முடியும். ம = 0 என்பது முழுத் தகுதியுள்ள விடை, 'தீர்வு இல்லை' என்று எழுதினால் மதிப்பெண் போகும். 5ம = 3ம என்ற வரியில் இரு பக்கமும் ம-ஆல் வகுத்து 5 = 3 என்று அதிர்ச்சி அடைபவர்களும் உண்டு. ம பூச்சியமாக இருக்கலாம் என்னும்போது அதால் வகுக்கக் கூடாது. 3ம-ஐக் கழியுங்கள்.

அறிகுறி: விடை சரி, ஆனால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்

நோட்டில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்:

3ம + 5 = 20 = 20 − 5 = 15 = 15 ÷ 3 = 5

விடை 5 சரிதான். ஆனால் இந்த வரி 20-உம் 15-உம் 5-உம் ஒன்றே என்று சொல்கிறது. ஆசிரியர் கறாராக இருக்கிறார் என்று கோபப்படாதீர்கள், இதில் நான் அவர் பக்கம். சமக்குறியை 'அடுத்து விடை வருகிறது' என்று அறிவிக்கும் மணியாக நினைத்தால், இரு பக்கமும் மாறி வரும் கணக்கில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள்.

பிள்ளை எப்படி நினைக்கிறது என்று அறிய ஒரு சின்னச் சோதனை. 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால் சமக்குறிக்குப் பின் விடைதான் வரும் என்ற எண்ணம் இருக்கிறது. 17 என்றால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. 7 என்றால் மேலே போகலாம். 12-உம் 17-உம் வந்தால் சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு இது போன்ற எண் கணக்குகளை முதலில் பழக்குங்கள். 1557-இல் வேல்ஸ் நாட்டுக் கணிதர் ராபர்ட் ரெகார்ட் சமக்குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு எதுவும் இருக்க முடியாது என்றுதான் காரணம் சொன்னார். நோட்டில் ஒரு வரிக்கு ஒரே ஒரு சமக்குறி, வரிக்கு வரி அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: சமன்பாடு சரியாகத் தீர்கிறது, வார்த்தைக் கணக்கு மட்டும் தப்பாகிறது

இங்கே பிரதியிட்டுப் பார்ப்பது உதவாது. சமன்பாட்டையே தப்பாக அமைத்திருந்தால், விடை அந்தத் தப்பான சமன்பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். விடையைக் கணக்கின் வாக்கியத்தில்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு பேனாவின் விலை ஒரு பென்சிலின் விலையைப் போல் 4 மடங்கு, இரண்டும் சேர்ந்து 25 ரூபாய். இதில் பென்சில் 20 ரூபாய், பேனா 5 ரூபாய் என்று சிலர் முடிப்பார்கள். கூட்டினால் 25 வருகிறது, மடங்கும் 4 இருக்கிறது, ஆனால் தலைகீழ். பேனா = 4 × பென்சில் என்று முதலில் சொல்லாலேயே ஒரு வரி எழுதிவிட்டு, எது விலை குறைந்ததோ அதற்கு ம என்று வையுங்கள்.

கழித்தலில் தமிழ் வாக்கியம் இன்னொரு வழியில் ஏமாற்றும். 'ஓர் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால்' என்பதும் '7-ஐ ஓர் எண்ணிலிருந்து கழித்தால்' என்பதும் ஒன்றே: ம − 7. எது முதலில் எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், 'இலிருந்து' எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் கழித்தல் குறிக்கு முன்னால் வரும்.

வயதுக் கணக்கில் குறை எண் வந்தால் உடனே அடிக்காதீர்கள். தந்தைக்கு 45, மகனுக்கு 17. தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்காக இருப்பது எப்போது? 45 + ம = 3(17 + ம) என்று அமைத்தால் ம = −3. மூன்று ஆண்டுகளுக்கு முன் 42-உம் 14-உம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கையோ பழங்களின் எண்ணிக்கையோ −3 என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள்.

கடைசியாக, ம-வைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கேள்வியை மறப்பது. மூன்று அடுத்தடுத்த இரட்டை எண்களின் கூடுதல் 78, அவற்றுள் பெரியது எது? ம + (ம + 2) + (ம + 4) = 78 என்பதிலிருந்து ம = 24. அதையே விடையாக எழுதிவிடுவார்கள். கேட்டது 28. தொடங்கும்போதே 'ம = சிறிய எண்' என்று எழுதிவைத்தால் இது நடக்காது. இன்னும் சுலபம் வேண்டுமானால் நடு எண்ணை ம என்று வையுங்கள்: (ம − 2) + ம + (ம + 2) = 78. 2-கள் அடிபட்டு 3ம = 78, நடு எண் 26, பெரியது 28.